பம்பைக்காரரைக் கட்டிக்கொள்ள ஓர் உத்தரவு

எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு பெண் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தினமும் ஒரு தொடர்கதை கேட்பாள். இடிந்த கோட்டை, கறுப்பு அங்கி, செத்தவர்களை எழுப்புகிற மந்திரவாதி, அவனிடம் வித்தை கற்க வந்த இளம்பெண், இருவருக்கும் காதல். குன்றத்தூரில் ஏறி ஒரகடத்தில் இறங்குவதற்குள் ஒரு பிணமாவது எழுந்துவிடும். "அந்தப் பொண்ணுக்கு வேற ஆளே கெடைக்கலியாடி?" என்று நான்தான் அதிகம் கிண்டல் செய்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அதே பஸ்ஸில், டிரைவருக்குப் பின்சீட்டில், வாயைத் திறந்துகொண்டு தூங்கிவந்த மனிதர் மேல் நான் ஆசைப்படப் போகிறேன் என்று அப்போது யாருக்குத் தெரியும்? அவருக்கும் செத்தவர்களைக் கூப்பிடுகிற வேலைதான்.

கம்பெனியில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். லீவு நாளில் இடுப்பில் பம்பை மேளத்தைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் வைப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண்ணைப் 'பூவாடை' என்று கூப்பிட்டு உத்தரவு கேட்பார்கள். தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய், கலசத்துக்குப் பூ சுற்றி, பம்பை அடித்து, செத்தவளை வர்ணித்துப் பாட வேண்டும். அவள் சொந்தக்காரர் யார் மேலாவது வந்து இறங்குவாள். சரி என்று சொல்லிப் பூ கொடுத்தால் கல்யாணம். வராமலே போனால் அவளுக்கு மனசில்லை என்று அர்த்தம்; அதோடு பேச்சை விட்டுவிடுவார்கள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இப்போதும் இல்லை. சொல்லிவிட்டேன், அப்புறம் நடுவில் வந்து கேட்கக் கூடாது.

என்னோடு லைனில் வேலை செய்தவளுக்கு வாலாஜாபாத் பக்கம் கல்யாணம். அவள் வீட்டுப் பூவாடைக்கு இவர் பம்பை செட்டுதான் வந்திருந்தது. செத்துப்போன பெரியம்மாவைப் பற்றி வீட்டு ஆண்களிடம் விசாரித்தார். நல்லவங்க, அமைதியானவங்க, யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை என்றார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சுற்றிப் பார்த்தார். நான் கண்ணில் பட்டேன்.

"ஏம்மா, நீ நம்ம பஸ்ஸுதானே? சமையக்கட்டுக்குள்ள போய் அந்தம்மா எதுக்கெல்லாம் திட்டும்னு கேட்டுகினு வா. பொம்பளைங்க என்னாண்ட சொல்ல மாட்டாங்க."

"திட்டுனது எதுக்குண்ணா?"

"நல்லவங்க, நல்லவங்கன்னு கூப்ட்டா யாரு வருவா? ஊர்ல அல்லாரும் நல்லவங்கதான், செத்த பிற்பாடு. திட்டுனத சொல்லு, தன்னத்தான் கூப்புடறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

உள்ளே போய்க் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் முறைத்தார்கள். அப்புறம் ஒருத்தி சிரித்தாள், அவ்வளவுதான், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். தண்ணி டிரம்மை யாராவது மூடாமல் விட்டால் அந்தப் பெரியம்மா தெருவே கேட்கும்படி கத்துவாளாம். 'மூடி இன்னா உங்க மாமியாருக்குக் குல்லாவா?' என்பாளாம். அதைக் கொண்டுவந்து அவர் காதில் போட்டேன். அப்படியே ராகம் போட்டுப் பாடினார். பின்னால் நின்றிருந்த அந்தம்மாவின் தங்கை வீலென்று கத்திக்கொண்டு குதித்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நம்பிக்கை வேறு, மயிர்க்கால் வேறு.

அன்றிலிருந்து நான் சிஷ்யை. ஓ.டி. இல்லாத ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஏதாவது ஒரு வீட்டின் சமையற்கட்டில் உட்கார்ந்து, ஏதோ ஒரு செத்தவளின் திட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கறுப்பு அங்கியைக் காணோம். கை நிறைய மஞ்சள், சட்டையில் கற்பூரக் கரி, காலையில் தாளித்த பொங்கலின் நெய் வாசனை, இதுதான் எங்கள் மந்திரவாதி. அடித்து முடித்ததும் கை வீங்கிப்போய், டீ கிளாஸைக்கூடப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குடிப்பார். அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பிரியம் வந்தது. யாரோ முன்பின் தெரியாத வீட்டுச் செத்தவளுக்காக ஒரு மனிதர் இவ்வளவு கை வலிக்க அடிப்பாரா? செய்கிற வேலையில் ஏமாற்றாத ஆளை எனக்கு எப்போதுமே பிடிக்கும்.

ஒருநாள் ஒரகடம் கூட்ரோடு டீக்கடையில் வைத்துச் சொன்னார்: "பஸ்ல அல்லாரும் என்ன அண்ணாங்கறாங்க. அது பரவால்ல. நீ மட்டும் அப்டி கூப்புடாத."

"வேற எப்டி கூப்புடறது?"

"அது நீதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, காலி கிளாஸை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டார். பிணத்துக்குப் பயப்படாத மனிதருக்கு என்னிடம் அவ்வளவு நடுக்கம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பஸ்ஸில் கதை கேட்கிற பெண்ணிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் இயர்போனைக் கழற்றிவிட்டு வாலாஜாபாத் வரைக்கும் கேட்கும்படி சிரித்தாள்.

நைனாவிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. நைனா ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் தவழ்கிற வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பக்கத்துத் தெருவில் இருக்கிற அத்தைதான் எனக்குத் தலை வாரியது, சோறு போட்டது எல்லாம். அம்மாவைப் பற்றி நான் எதைக் கேட்டாலும் நைனா எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். எங்கள் வீட்டு முருங்கை தண்ணீரிலேயே அழுகிப்போனது அதனால்தான்.

"செத்தவங்கள கூப்புடற கையில பொண்ணக் குடுக்கறதா?" என்றார் நைனா. அப்புறம் எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். "ஒங்கம்மாவ கேக்கணும். அவ வந்து சரின்னா சரி. வரலன்னா இந்தப் பேச்ச இத்தோட வுட்றணும்."

நான் ஒத்துக்கொண்டேன். வேறு வழியில்லை. நைனாவை மீறி எதையும் செய்ய எனக்கு மனம் வராது. அவருக்கு நான் ஒருத்திதான், எனக்கு அவர் ஒருவர்தான்.

மாப்பிள்ளையாக வரப்போகிறவன் தன் காரியத்துக்குத் தானே பம்பையைத் தொடக் கூடாது, வாய் திறந்து ஒரு சொல் எடுத்துக்கொடுக்கவும் கூடாது. அதுவும் வழக்கம். அதனால் மறைமலை நகர் பக்கமிருந்து வேறொரு செட்டை வரவழைத்தார்கள். எங்கள் பூவாடைக் கிணறு எப்போதோ ஒரு கம்பெனியின் காம்பவுண்டுக்குள் போய்விட்டதால் ஏரிக்கரைக்குப் போனோம். காலை வெயில் இதமாக இருந்தது. இவர் கரையின் அந்தக் கோடியில் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு, அடிக்கக் கூடாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார்.

வந்த பம்பைக்காரர் நைனாவிடம் விசாரித்தார். "மஞ்சப் பொடவ. மல்லிப்பூன்னா உசுரு. பொறுமசாலி. ஒரு சொல்லு சொன்னதில்ல" என்றார் நைனா. அதை வைத்து அந்த மனிதர் அருமையாகத்தான் பாடினார். கேட்க இனிமையாகவும் இருந்தது. ஆனால் யாரும் அசையவில்லை. திரும்பப் பாடினார். எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் போட்டார், கற்பூரத்தை மேலும் கொட்டினார். வெயில் ஏறியது. அத்தை கொட்டாவி விட்டாள். கடைசியில் பம்பைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எறங்கலண்ணா" என்று மெதுவாகச் சொன்னார்.

நைனாவுக்கு இதில் சந்தோஷமில்லை. முகம் வெளுத்துவிட்டது. "சரி, அவளுக்கு மனசில்ல. வுட்ரும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கலசத்தைத் தூக்கக் குனிந்தார். கலசம் கிளம்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. கோடியில் நின்றவரைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசக் கூடாது. நான் பேசக் கூடாது என்று எந்த வழக்கமும் இல்லையே.

"நைனா, அம்மா ஒன்ன எப்டி திட்டும்?"

"ஏ, இன்னா கேள்வி இது, சாமி காரியத்துல?" என்றாள் அத்தை.

"அதெல்லாம் திட்டாது" என்றார் நைனா.

"நைனா. செடி எதுவும் இங்க இல்ல. சொல்லு."

குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். பிறகு, கலசத்திடம் சொல்வதுபோலச் சொன்னார். "ஈரத் துண்ட கட்டில் மேல போட்ருவேன். தெனமும் போடுவேன். 'கொடி கட்டி வச்சிகிறது இன்னா, ஒங்கப்பன் தொங்கறதுக்கா'ன்னு கேப்பா."

அத்தை களுக்கென்று சிரித்துவிட்டாள். "எங்கப்பனத்தான் இழுப்பா எப்பவும், பாவி."

பம்பைக்காரர் தொழில் தெரிந்தவர். அந்த வார்த்தையை அப்படியே கவ்விக்கொண்டு அடித்தார். நைனாவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். தலை நிமிர்ந்தது. அழவில்லை. கண் சிவந்து, கோபத்தில் மூக்கு விடைத்திருந்தது. குரல் நைனாவுடையதுதான். ஆனால் அந்த வேகத்தை, அந்த அதிகாரத்தை நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

"மஞ்சப் பொடவயா? எப்பய்யா நான் மஞ்சப் பொடவ கட்டுனேன்? மல்லிப்பூ வச்சா எனக்குத் தலவலி வரும்னு தெரியாது ஒனக்கு? பொறுமசாலியாம்! யாரப்பத்திய்யா சொல்ற? பொண்ணாண்ட என்னப்பத்தி ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொன்னியாயா இத்தினி வருசமா?"

அந்தக் கண்கள் என் பக்கம் திரும்பின.

"நீ இன்னாடி? தல இன்னா இப்டி காஞ்சி கெடக்குது? எண்ணெ வக்க நேரமில்லாம அப்டி இன்னா கம்பெனி? வேளைக்கித் துன்றியா இல்லியா? அங்க ஒருத்தன் வெயில்ல நின்னுகினு கீறான் பாரு, இட்டுகினு வா அவன."

அவர் ஓடிவந்தார். கலசத்திலிருந்து ஒரு கை கனகாம்பரத்தைப் பிய்த்து எங்கள் இருவர் தலையிலும் வீசிவிட்டு, நைனா பொத்தென்று மணலில் உட்கார்ந்தார்.

எனக்கு நம்பிக்கை இல்லை என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். அங்கே பேசியது யார் என்று இதுவரை யாரையும் கேட்டதில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் பிறந்ததிலிருந்து என் அம்மா என்னைத் திட்டியது அன்றைக்குத்தான். இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அத்தை சொம்புத் தண்ணீரை நீட்டினாள். நைனா குடித்துவிட்டு, யாரையோ தேடுவதுபோலச் சுற்றும்முற்றும் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தாளாம்மா? சரின்னாளா?"

"சரின்னுச்சு நைனா. ஒன்னத்தான் திட்டுச்சு, செமத்தியா."

"இன்னான்னு?"

ஒரு சொல் விடாமல் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் வாய் கோணிக்கொண்டு வந்தது, சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. முடித்ததும், என் கையை விடாமல், "மொதல்லேர்ந்து சொல்லு" என்றார்.