ரெண்டா தெரிஞ்ச பஸ்

பனியன் கம்பெனியில எனக்கு பிரிண்ட் செக்கிங் வேலை. டிசைன் துளி விலகி ரெண்டா தெரிஞ்சாலும் ரிஜெக்ட்தான்.

இன்னிக்கு ஒரு பழைய இன்ஸ்டன்ட் கேமரா வாங்கப் போனேன். விக்கறதா ஆன்லைன்ல போட்டிருந்த அக்கா, வெள்ளகோவில்ல இருந்து பஸ்ஸேறி வந்து, பஸ் ஸ்டாண்டு பேக்கரி முன்னால நின்னுட்டிருந்தாங்க.

வியூஃபைண்டர்ல கண்ணை வெச்சேன். எதிர்ல நின்ன பஸ் நடுவுல ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது.

"ஏனுங்க, டேமேஜ் பீஸைத் தலைல கட்டப் பாக்கறீங்களா?"

டீ குடிச்சுட்டிருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. அவ்வளவு சத்தம்.

"கண்ணை எடுக்காதீங்க"ன்னு சொல்லி, அக்கா லென்ஸ் பக்கத்துப் பட்டனை மெல்லத் தள்ளினாங்க. ரெண்டு பஸ்ஸும் நகர்ந்து வந்து ஒண்ணாச்சு.

"ஒண்ணு சேந்துட்டா ஃபோகஸ் சரின்னு அர்த்தமுங்க. அதுவரைக்கும் ரெண்டாத்தானுங்க காட்டும்."

நானும் பட்டனைத் தள்ளிப் பாத்தேன்; பஸ் பிரிஞ்சு, திரும்ப ஒண்ணாச்சு.

"எடுத்தே காட்டறனுங்க"ன்னு, மிச்சமிருந்த ஒரே ஃபிலிம்ல என்னையவே எடுத்தாங்க. ஃபிலிமை வெளிய இழுத்துட்டு, கேமரா முதுகுல இருந்த டைமரைத் திருகி விட்டாங்க. அது சத்தம் குடுக்கற வரைக்கும் மேல் பேப்பரை உரிக்கக் கூடாதாம். அந்த ஒரு நிமிஷமும் அவங்க முகத்தைப் பாக்க முடியாம டைமரையே பாத்துட்டு நின்னேன்.

காசைக் குடுத்து கேமராவை வாங்கிட்டேன். மன்னிப்புக் கேக்க வாய் வர்றதுக்குள்ள அவங்க ஏறின பஸ் கிளம்பிருச்சு.

போட்டோவைக் கமெண்ட்ல போட்டிருக்கேன். அசடு வழியற மூஞ்சி, அவ்வளவு துல்லியம். நீங்களும் செக் பண்ணிப் பாருங்க, ரிஜெக்ட் பண்ண எனக்கு ஒரு காரணமும் கிடைக்கலீங்க.