பதினேழாம் மைலில் சரிந்த மண்

ரங்கூனிலிருந்து தண்டவுங் மலைக்குப் போக வழி கேட்டு நம்மவர்கள் சிலர் என்னிடம் வருகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். 1926 தை மாதம் நானும் என் தங்கை பாக்கியமும் அங்கே போய் வந்தோம். காற்று வாங்கப் போகவில்லை. அவள் கணவன் மாரிமுத்து அந்த மலையில் பாதை வெட்டும் கூட்டத்துக்குத் தலைவனாக இருந்தான். முந்தைய ஆடி மழையில் பதினேழாம் மைலில் மலை சரிந்து, அவனும் இன்னும் மூன்று பேரும் மண்ணுக்குள் போய்விட்டார்கள். உடல்கள் கிடைக்கவில்லை என்று கண்டிராக்டரிடமிருந்து நாலு வரியில் கடிதம் வந்தது.

நான் ரங்கூனில் கெமண்டைன் பகுதியில் இருக்கிறேன். கிணறு வெட்டும் மேஸ்திரி. மாரிமுத்து என்னிடம் நான்கு வருஷம் வேலை பார்த்தவன். மலை வேலையில் கூலி நன்றாக இருக்கிறது, போ என்று அனுப்பி வைத்ததும் நான்தான். அதனால், ஐந்து மாதம் கழித்து தாமுவே பகுதியில் பாக்கியம் வீட்டுக்குப் போனபோது அவள் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை.

"உடம்பப் பாக்காம தாலிய எடுக்க மாட்டேண்ணே. ஊருக்கெல்லாம் கெணறு வெட்டுறீக. எனக்காக அந்த ஒரு எடத்தத் தோண்டுங்க."

சரி என்றேன். இரண்டு மண்வெட்டி, ஒரு கடப்பாரை, இரண்டு கூடை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

ரங்கூன் ஸ்டேஷனில் காலை ஏழு மணிக்கு ரயில் ஏறினோம். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு இரண்டே முக்கால் ரூபாய். மலைக்குப் போக இறங்க வேண்டிய தவுங்ஙூ நூற்றறுபத்தாறு மைல். பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பெகு தாண்டும் வரை வண்டியில் நிற்கவும் இடமில்லை, பிறகு காலியாகிவிடும். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல்கள். பாக்கியம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றை எனக்கு மட்டும் எடுத்து வைத்தாள். இரவு கோயில் மடத்தில் தங்கினோம். அங்கே வாடகை கேட்பதில்லை, உண்டியலில் போட்டால் போதும்.

மறுநாள் காலை ஆறரைக்குச் சித்தாங் ஆற்றைப் படகில் கடந்தோம். ஆளுக்கு ஓரணா. அக்கரையில் மலைக்குப் போகும் மோட்டார் நிற்கும். அதன் டிரைவர் காதர் பாய், நம்முடைய கீழக்கரைக்காரர். மலை உச்சி வரை ஒன்றரை ரூபாய். சாக்கில் மண்வெட்டிக் காம்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"எங்க எறங்கணும் மேஸ்திரி?"

"பதினேழாம் மைல்ல."

அவர் பாக்கியத்தைப் பார்த்தார். பிறகு எங்களிடம் பணம் வாங்கவில்லை. "சாயங்காலம் மூணு மணிக்குத் திரும்பி வருவேன். எறங்குன எடத்துலேயே நில்லுங்க தங்கச்சி" என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

பத்தாம் மைலுக்கு மேல் காடு அடர்த்தியாகிறது. குளிரும் கூடிவிடும். ஒன்பது மணிக்குப் பதினேழாம் மைலில் இறங்கினோம். பாதையின் மேல்பக்கம் மலை பிளந்து ஒரு சிவந்த சரிவாக நின்றது. கீழ்ப்பக்கம் அந்த மண்ணெல்லாம் குவிந்து கிடந்தது. அதற்கும் கீழே, பள்ளத்தில், கரேன் என்னும் மலை ஜனங்களின் ஒன்பது வீடுகள் தெரிந்தன.

தோண்டுவதற்கு முன்னால் மண்ணைப் பார்ப்பது என் வழக்கம். ரங்கூன் மண்ணை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆற்றோரமென்றால் களி, மண்வெட்டியை விடாது, வெட்டின குழி வெட்டினபடி சில நாள் நிற்கும். மேட்டுப்பக்கம் செம்பாறை, வெட்டும்போது மெத்தென்று இருக்கும், காற்றுப்பட்டால் இறுகும். இது இரண்டும் இல்லை. சரிவு முடியும் ஓரத்தில் காடு அப்படியே நின்றது. அங்கே சரிவு அறுத்துவிட்ட வெட்டுவாயில் மண் முழுதும் மேலிருந்து கீழ்வரை தெரிந்தது.

மேலே காய்ந்த இலை. அதைத் தள்ளினால் பாதி மக்கிய இலை, நடுவில் வெள்ளை நூல்போலப் பூஞ்சை. அதன் கீழே ஒரு சாண் கருப்பு மண், பொலபொலவென்று, மழைக்குப் பிந்தைய வாசனையோடு. இவ்வளவு நல்ல மண்ணை நான் தொட்டதில்லை. அடுத்து மூன்று முழம் பழுப்பு; வேர்கள் அதில்தான் பின்னிக் கிடந்தன. அதற்கும் கீழே மஞ்சளும் சிவப்புமாகச் சொரசொரப்பான மண், காக்காப்பொன் துகள்கள் மினுங்கின. கடைசியில் பாறை என்று நினைத்துக் கடப்பாரையால் தட்டினேன். சத்தமே வரவில்லை. பாறையின் கருப்புப் புள்ளியும் வெள்ளைக் கோடும் அப்படியே இருந்தன. கையில் எடுத்துப் பெருவிரலால் அழுத்தினேன், மணலாகிவிட்டது. பாறை இருந்த இடத்திலேயே எத்தனையோ காலமாக உளுத்துப்போயிருக்கிறது. அதற்கடியில்தான் நிஜமான பாறை, வழுவழுவென்று, கீழ்நோக்கிச் சாய்ந்து.

அந்த மண் மழையை அப்படியே உள்ளே விட்டுவிடும். தண்ணீர் பாறை வரை இறங்கி, பாறை முதுகில் ஓடும். மேலே உள்ள மண்ணை அத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தது வேர்கள்தான். சரிந்த இடத்துக்கு மேலே பார்த்தேன். காட்டை வெட்டித் தோட்டம் போட்டிருந்தார்கள். வெட்டின மரங்களின் அடிக்கட்டைகள் கருத்து நின்றன. அவற்றின் வேர்கள் மண்ணுக்குள் அழுகியிருக்கும். கீழே பாதைக்காக மலையின் அடியையும் அறுத்துவிட்டார்கள்.

கால் மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதை அடியில் தோண்டினால் மீதி மண்ணும் இறங்கும், நேரே அந்த ஒன்பது வீட்டின் மேல். ஆனால் பாக்கியம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள். எதைச் சொல்லித் தடுப்பது? அவள் குவியலின் ஓரத்தில் வெட்ட ஆரம்பித்தாள். மண் இளகி இளகி வந்தது. முழங்கால் ஆழம் போனதும் மேலேயிருந்து மண் சரசரவென்று உதிர்ந்து குழியை மூடியது. மறுபடி வெட்டினாள். மறுபடி மூடியது.

அப்போது கீழேயிருந்து ஒரு கரேன் பெண் மூச்சிரைக்க ஏறி வந்தாள். நாற்பது வயதிருக்கும். பெயர் நோ போ என்றாள். நோ என்பது அவர்களில் பெண்களுக்கு மரியாதைக்குச் சேர்ப்பது. பர்மியில் பேசினாள். பாக்கியத்துக்கு என்னைவிட நன்றாகப் பர்மி தெரியும், அதனால் நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

"தோண்டாதீங்க. நாங்களும் மூணு நாள் தோண்டினோம். மூணாம் நாள் திரும்பச் சரிஞ்சுது, என் தம்பிக்குக் கால் போச்சு."

பாக்கியம் நிமிரவில்லை. "உள்ள இருக்கறது என் வீட்டுக்காரர்."

"யாரு? மாயியா?"

மாரி என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் போல. பாக்கியத்தின் கை நின்றது.

நோ போ கீழே உட்கார்ந்து சொன்னாள். அன்று காலை மலையடி ஊற்று திடீரென்று செம்மண்ணாகக் கலங்கி வந்ததாம். மாரிமுத்து அதைப் பார்த்துவிட்டு மழையில் ஓடி வந்து, ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டியிருக்கிறான். "வெளிய போங்க, குழந்தைகள எடுத்துக்கிட்டு எதிர் மேட்டுக்குப் போங்க" என்று கத்தினானாம். எல்லோரும் போனார்கள். அவன் மட்டும் பாதையில் நின்ற தன் ஆட்களைக் கூப்பிடத் திரும்பி மேலே ஏறினான். ஆறு பேரில் மூன்று பேர் தப்பித்தார்கள்.

ஊற்று கலங்கினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிடு என்பது கிணற்று வேலையில் முதல் பாடம். என்னிடம்தான் அதைக் கற்றுக்கொண்டான். அவன் அன்றைக்கு நேராக எதிர் மேட்டுக்கு ஏறியிருந்தால் இருந்திருப்பான். கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

பாக்கியம் நெடுநேரம் அந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டு வாசலில் யாரோ நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு என்னைக் கேட்டாள்.

"தோண்டுனா அதுக மேல விழுமாண்ணே?"

"விழும்."

"நிச்சயமாவா?"

"நிச்சயம் பாக்கியம்."

மண்வெட்டியைக் கீழே வைத்தாள். தான் வெட்டின இடத்தைக் கையாலேயே தள்ளி மூடினாள். நோ போவும் கூட உட்கார்ந்து தள்ளினாள். கடைசியில் பாக்கியம் ஒரு பிடி மண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, "இது ரொம்பக் கனமா இருந்திருக்குமாண்ணே?" என்றாள்.

நனைந்த மண் எவ்வளவு கனம் என்று என்னைவிடத் தெரிந்தவர்கள் ரங்கூனில் அதிகம் பேர் இல்லை.

"இல்லம்மா. இது காட்டு மண்ணு. லேசாத்தான் இருக்கும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பினாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓடையில் இறங்கிக் குளித்துவிட்டு, நோ போவின் கையைப் பிடித்துக்கொண்டு தாலியைத் தானே கழற்றினாள். அழவில்லை. அழுகை மூன்று மணிக்குக் காதர் பாயின் மோட்டாரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தது. ஆறு வரும்வரை அவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கார்த்திகை முதல் மாசி வரை போகலாம். ஆனி முதல் புரட்டாசி வரை அந்தப் பக்கமே வேண்டாம். தவுங்ஙூவில் ஒரு ராத்திரி தங்கியே ஆக வேண்டும். கம்பளி இல்லாமல் போகாதீர்கள். வெட்டின மலைக்கு அடியில் வண்டியை நிறுத்திச் சாப்பிடாதீர்கள், அங்கே ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

இன்னொன்று. ரங்கூன் வீடுகளில் ரோஜாத் தொட்டிக்கென்று அந்த மலையின் கருப்பு மண்ணை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறார்கள். மோட்டார்காரர்களும் எங்கே கேட்டாலும் நிறுத்துவார்கள். வேண்டுமென்றால் உச்சியில், சமதரையில் எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் மைலில் மட்டும் எடுக்காதீர்கள். அங்கே நான்கு பேர் இருக்கிறார்கள்.