பாசி காயும் கரையில் ஒரு பூட்டு

காலை ஆறரை மணிக்குத் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் பட்டுக்கோட்டை வண்டி ஏறினேன். நன்னிலத்தில் இருக்கும் என் தங்கை, வயலுக்குத் தெளிக்கக் கடல்பாசி உரம் கேட்டிருந்தாள். பாசியை அரைத்துப் பிழிந்து எடுக்கும் அந்தத் திரவத்தைக் கடலோரத்தில் ஒரு மகளிர் குழு தயாரிக்கிறது. நேரில் போய் வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தேன்.

ஒரத்தநாடு வரை இருபுறமும் நடவு முடிந்த வயல், அப்புறம் தென்னை. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தபோது, கிளம்பும் முன் காபி குடித்திருக்கக் கூடாது என்று தோன்றியது. பட்டுக்கோட்டையில் டவுன் பஸ் புறப்படத் தயாராக நின்றது; ஓடிப்போய் ஏறிவிட்டேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சேதுபாவாசத்திரம் தாண்டி ஒரு கிளைச்சாலையில் இறங்கியபோது மணி ஒன்பதரை.

மணலில் வலை விரித்துப் பாசி காயப்போட்டிருந்தார்கள். பத்துப் பெண்கள் குனிந்தபடி சிப்பியும் நைலான் துண்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். குழுத்தலைவி ஜெயந்தி எழுந்து வந்தார்.

“வாங்கக்கா. கேன் ரெடியா இருக்கு.”

“அது இருக்கட்டும். பாத்ரூம் எங்க?”

“இங்க இல்லக்கா. நாங்க இருட்டுற வரைக்கும் அடக்கிக்குவோம்.”

பக்கத்தில் இருந்த மீன் ஏலக்கூடத்தின் பின்னால் கழிவறை தெரிந்தது. கதவில் பூட்டு. ஏலம் விடுபவர் உள்ளே வலைகளைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாராம். நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

அப்போதுதான் கடைசியில் குனிந்திருந்த மலர் என்ற பெண்ணைக் கவனித்தேன். முப்பது வயதிருக்கும். அந்த வெயிலிலும் உடம்பு நடுங்கியது. தொட்டால் அனல். என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

“வேணாங்க்கா,” என்று கையை இழுத்துக்கொண்டார். “குடிச்சா இருட்டுற வரைக்கும் தாங்க முடியாது.”

ஜெயந்தியிடம் சொல்லிவிட்டு மலரும் நானும் ஆட்டோ பிடித்துப் பட்டுக்கோட்டைக்கே திரும்பினோம். மருத்துவமனைக்குள் நுழைந்ததும் நாங்கள் இருவரும் முதலில் ஓடியது கழிவறைக்குத்தான்.

சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டரம்மா. “தண்ணி நல்லா குடிக்கணும்மா. ஏன் குடிக்கிறதில்ல?”

“குடிச்சா எங்க போறது டாக்டர்?” என்றார் மலர்.

டாக்டரம்மா மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மலர் ஜெயந்தியைப் போனில் பிடித்தார். “அக்கா, தண்ணி குடிக்காமதான் இப்படியாம். நம்ம குழு செல்விக்குப் போன மாசம் வந்ததும் இதுதான் போல. நான் இனிமே குடிக்கப் போறேன். எங்க போறதுன்னு நீ சொல்லு.”

“லோடு ஏத்துற நாள்ல என்னடி பேச்சு இது?” ஜெயந்தியின் சத்தம் எனக்கே கேட்டது. அழைப்பு துண்டிக்கப்பட்டது. அதே ஆட்டோவில் கரைக்குத் திரும்பினோம். மலருக்கு இந்த வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

கரையில் பாசி பாதி புரட்டியபடி கிடந்தது. ஆளைக் காணோம். ஏலக்கூடத்தின் பின்னால் சத்தம் கேட்டு ஓடினோம். வலைகள் வெளியே குவிந்திருந்தன. பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பாசி வளர்க்கும் மிதவைக்கு மூங்கில் வெட்டும் அரிவாளோடு ஜெயந்தி நின்றார்.

“சாவி குடுத்தாரா?” என்றார் மலர்.

“நாளைக்குப் பாக்கலாம்னாரு. நாளைக்கு நீ இருப்பியான்னு யாருக்குத் தெரியும்?”

“பூட்டு எங்கக்கா?”

“கடல்ல.”

மலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் வந்தால் என்ன ஆகும் என்ற எண்ணத்தோடுதான் இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு பட்டுக்கோட்டை வந்து, மன்னார்குடி வழியாகத் திருவாரூருக்குப் பேருந்து ஏறினேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன். திருவாரூர் நெருங்கும்போது ஜெயந்தி கூப்பிட்டார்.

“வந்தாரு, கத்துனாரு. நாங்க எல்லாரும் வாசல்லயே நின்னோம். வலைய அள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. மலர் ரெண்டு செம்பு தண்ணி குடிச்சிட்டா.”

மறுநாள் காலை நன்னிலத்தில் தங்கையோடு வரப்பில் நின்றேன். களையெடுக்க வந்த பெண்கள் வயலில் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். கண்ணுக்கெட்டிய வரை நெல். ஒரு புதர்கூட மறைவுக்கு இல்லை.

“இவங்கல்லாம் எங்க போவாங்க?” என்று தங்கையிடம் கேட்டேன்.

“வீட்டுக்குத்தான். வேலை முடிஞ்சதும்,” என்றாள், கேள்வி புரியாமல்.

நான் மறுபடியும் கேட்டேன்.