இரண்டு கழுத்து கிட்டாரில் வராத கார்டு

மெஷினில் கை மாட்டிய பிறகு என் இடது கை விரல்கள் மடங்குவதில்லை. அதனால்தான் ஸ்டீல் கிட்டாருக்கு மாறினேன். அதை மேஜை மேல் வைத்து, கம்பிகள் மீது ஒரு இரும்புத் துண்டை நகர்த்தினால் போதும்.

இரும்பை நேராக வைத்தால், கம்பிகளில் சுருதி சேர்த்த கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் அந்த ஒரே சுரக்கூட்டு மட்டுமே வரும். மற்றவர்கள் சாய்த்துப் பிடித்து வேறு கார்டுகளும் எடுப்பார்கள். என் கையால் சாய்க்க முடியாது. அதனால் தனித்தனிக் கம்பிகளோடு இரண்டு கழுத்துள்ள கிட்டார் வாங்கி, ஒன்றை மேஜர் கார்டுக்கும் இன்னொன்றை மைனர் கார்டுக்கும் சேர்த்தேன்.

இன்று காஞ்சிபுரம் சர்ச்சில் கொயர் பிராக்டிஸ். புதுப் பாட்டில் டிமினிஷ்டு என்று மூன்றாவதாக ஒரு கார்டு வந்தது. முறுக்காணிகளைத் திருகி இரண்டாவது கழுத்தை அதற்கு மாற்றினேன்; மைனர் போய்விட்டது. முதலாவதை மாற்றினேன், மேஜர் போய்விட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

கீபோர்டு வாசிக்கும் டேனியல் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "எவ்ளோ நேரம்பா திருகிக்கினு இருப்ப? அந்த எடத்துல மட்டும் சும்மா இரு. நான் வாசிச்சிக்கிறேன்."

"அந்த எடம் பாட்டு பூரா வருதேண்ணா."

"தெரியும்பா."

கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும், பாடிய ஸ்டெல்லா அக்கா, "இன்னிக்கிதான்பா பாட்டு நல்லா வந்துது" என்றார்.

மூன்றாவது கழுத்து வாங்கு என்று மட்டும் யாரும் கமெண்ட் போடாதீர்கள். அடுத்த பாட்டில் நான்காவது கார்டு வரும்.