தொக்கம் எடுத்த வருஷம்

எட்டாம் வகுப்புக்குச் செரிமான மண்டலம் நடத்தும்போது நான் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. கரும்பலகையில் வாயில் தொடங்கி உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று சாக்பீஸை எடுக்காமல் இறங்கிவிடுவேன். படம் வரைந்து பாகங்களைக் குறி என்று கேட்டால் என் மாணவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டை விட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்த காரியத்துக்குப் படிக்காதவள் என்ற சாக்கு எனக்குக் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் எனக்கு வேலை. கணவருக்கு மணியாச்சி சந்திப்பில் ரயில்வே வேலை. மூன்று வயது மகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போவேன். கூடவே ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு பால் பாட்டில். பிள்ளை அழாமல் இருந்தால் சரி, அதுதான் அன்று என் சமையல் சாஸ்திரம். நாளடைவில் அவளுக்கு மலம் கட்டிப்போனது. நான்கு நாளைக்கு ஒருமுறை முக்கி அழுதுதான் போவாள். வயிறு உப்பிக்கொண்டது. சோற்றுத் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள்.

"தொக்கம் விழுந்திருக்கு டீச்சர். தின்னது ஏதோ உள்ள ஒட்டிக்கிட்டு. கயத்தாறு பக்கம் ஒரு பொம்பள எடுப்பாவ. நம்ம தெருப் பிள்ளைய எல்லாம் அங்கனதான் போகும்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை என்றால் டாக்டருக்கு முன்னால் தொக்கம் எடுப்பவர்தான். எனக்கே சின்ன வயதில் எடுத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

அந்த அம்மாள் மகளைப் பாயில் படுக்கவைத்து வயிற்றில் விளக்கெண்ணெய் தேய்த்து நன்றாக உருவினாள். பிறகு ஒரு சிறிய பித்தளைக் குழலை நெஞ்சுக்குழியில் வைத்து வாயால் உறிஞ்சி, வெற்றிலையில் துப்பினாள். எச்சிலுக்கு நடுவில் பாதிக் கடலைப் பருப்பு கிடந்தது.

"பாத்தீயளா டீச்சரம்மா? இதுதான் ஒட்டிக்கிட்டுக் கிடந்தது. இனி ஆறு மாசத்துக்குக் கடலையைப் பிள்ளை கண்ணுலயே காட்டாதீய."

மறுநாள் காலையில் மகள் அழாமல் வெளிக்குப் போனாள். விளக்கெண்ணெய் போட்டு உருவியதில் குடல் இளகியிருக்கும், அவ்வளவுதான். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலையை எடுத்ததால்தான் என்று மனசார நம்பினேன்.

பத்து நாளில் வயிறு மறுபடி கட்டியது. மறுபடி போனோம். இந்த முறை வெற்றிலையில் வாழைப்பழ நார். அடுத்த முறை கீரைத் தண்டு. பிறகு பயற்றுத் தோல், முட்டை, கம்மஞ்சோற்றுப் பருக்கை. எதெல்லாம் வெற்றிலையில் வந்ததோ அதெல்லாம் எங்கள் வீட்டில் நின்றுபோனது. பால் பசை மாதிரி, அதுதான் எல்லாவற்றையும் ஒட்டவைக்கிறது என்றாள் அந்த அம்மாள்; பாலையும் மோரையும் நிறுத்தினேன். ஆசிரியை அல்லவா, சமையலறைச் சுவரில் பட்டியல் எழுதி ஒட்டி ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் அடித்தேன். கடைசியில் அடிபடாமல் மிஞ்சியவை ஜவ்வரிசிக் கஞ்சி, ரஸ்க், பாலில்லாத கருப்பட்டிக் காப்பி.

தெருமுனைப் பெட்டிக்கடையில் வாழைத்தார் தொங்கும். "அம்மா, பழம்" என்று அவள் கை நீட்டுவாள். கண்ணில் காட்டக் கூடாதே என்று முந்தானையால் அவள் கண்ணைப் பொத்திக்கொண்டு அந்தக் கடையைக் கடப்பேன். கேட்டால், "வயித்துல ஒட்டிக்கும் தங்கம்" என்பேன். சில வாரங்களில் அவள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன்.

அதற்குப் பிறகு அவள் அழவும் இல்லை. உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். முடி செம்பட்டையானது, போர் தண்ணீரின் உப்பு என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனால் கன்னம் உப்பியிருந்தது. பாதம் கொழுகொழுவென்று இருந்தது.

"பிள்ளை நடக்கவே மாட்டேங்கா. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்கா. எனக்குப் பயமா இருக்கு" என்றார் கணவர்.

"கன்னம் வச்சிருக்கா. கொலுசு இறுக்குது. உங்களுக்குக் கண்ணு தெரியலையா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவருக்குக் கண் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது.

கடைசியாகப் போனபோது வெற்றிலையில் வெள்ளையாக ஒரு துண்டு விழுந்தது. அவித்த முட்டை. "முட்டை குடுத்து நாலு மாசம் ஆச்சே?" என்று கேட்டேன்.

"பழசு டீச்சரம்மா. அடிக்குடல்ல ஒட்டிக் கிடந்தது."

தின்ற முட்டை நாலு மாதம் குடலில் முழுசாகக் கிடக்காது என்று எந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். அந்த வாரம்தான் வகுப்பில் அந்தப் பாடத்தை முடித்திருந்தேன். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் கொலுசின் திருகாணியைத் தளர்த்தலாம் என்று அவள் காலை மடியில் வைத்தேன். கொலுசைக் கழற்றிய இடத்தில் பள்ளம் இருந்தது. பாதத்தின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, மழை பெய்த கரிசலில் மிதித்த மாதிரி. இன்னொரு இடத்தில் அழுத்தினேன். அங்கும் குழி. அவள் வலிக்கிறது என்றுகூடச் சொல்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

குழந்தைகள் டாக்டர் வயதான அம்மா. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மிஞ்சிய மூன்றையும் சொன்னேன். பட்டியலில் அடித்தவற்றையும் காரணத்தோடு சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"வயித்துல எதுவும் ஒட்டல டீச்சர். வயித்துல எதுவுமே இல்ல. சத்தில்லாம உடம்புல நீர் கோத்திருக்கு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பிள்ளை கையில தங்கியிருக்காது."

மூக்கு வழியாகச் சின்னக் குழாய் விட்டுச் சொட்டுச் சொட்டாகப் பால் ஏற்றினார்கள். ஒரே நாளில் அள்ளிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். வீக்கம் வடிய வடிய எலும்பு தெரிந்தது. என் பிள்ளையின் உண்மையான உருவத்தை அன்றுதான் பார்த்தேன்.

குழாயை எடுத்தபின் வாயால் சாப்பிடவேண்டும். பயற்றங்கஞ்சி, மோர்ச்சோறு, பழம், கீரை, முட்டை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துக் குடலைப் பழக்கவேண்டும். "மருந்து நான் தருதேன். ஆனா அவ வாயைத் திறந்தாத்தான் பிழைப்பா" என்றார். அவள் திறக்கவில்லை. இரண்டு நாள், கரண்டி உதட்டைத் தொட்டாலே பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் ஒரு வாழைப்பழத்தை உரித்து அவள் முன்னால் நீட்டினேன்.

அவள் இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

நான் வார்டு என்றுகூடப் பார்க்காமல் உடைந்து அழுதேன். அந்தக் குழல்காரியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னாள், பட்டியல் போட்டது நான்.

"அம்மா சொன்னது தப்பு தங்கம். ஒட்டாது. அம்மா தப்பாச் சொல்லிட்டேன்."

அவள் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். "அப்ப நான் கேட்டப்ப ஏம்மா தரல?"

பழத்தில் ஒரு கடி கடித்து விழுங்கி, வாயைத் திறந்து காட்டினேன். அவள் கையை இறக்கினாள். கடுகளவு கிள்ளி வாயில் வைத்தாள். வெகுநேரம் மென்று விழுங்கினாள். பிறகு கழுத்தில் கையை வைத்துக் காத்திருந்தாள்.

"கீழ போயிட்டு" என்றாள்.

பத்து வருஷம் கழித்து அவள் என் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். அந்த வருஷமெல்லாம் அவளுக்கு நினைவே இல்லை, நானும் சொன்னதில்லை. செரிமான மண்டலம் நடத்திய அன்று வாயை வரைந்து, உணவுக்குழாயை இறக்கி, "நாம் விழுங்கிய உணவு இதன் வழியாகக் கீழே போகிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் அவள் மட்டும் எழுதாமல், கழுத்தில் கையை வைத்துக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரைப்பையை வரைய அன்று எனக்கு வெகுநேரம் ஆனது.