பெரியப்பா வக்கீலான நாள்

பெரியப்பா வீட்டுக்கு நான் ஏன் போவதில்லை என்று பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வாயால் சொன்னால் கோபத்தில் பாதியிலேயே நின்றுபோகும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன், அதாவது உங்கள் பெரியப்பா, வக்கீலாகப் பதிவான அன்று வீட்டிலிருந்து யாரும் சென்னைக்குப் போகவில்லை. ஆச்சி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். தாத்தாவுக்குப் போக ஆசை. வயலில் வாழைத்தார் சுமக்கிற மனுஷன், அதற்கென்று புது வேட்டி எடுத்து, பஸ்ஸா ரயிலா என்று தெருவெல்லாம் கேட்டுவிட்டார். அண்ணன்தான் வேண்டாம் என்றான்.

“பதிவு ஆவுறவங்களத் தவிர ஒருத்தரையும் உள்ள விடமாட்டாவப்பா. வாசல்லயே நின்னுட்டுத் திரும்பணும்.”

கோர்ட் சமாச்சாரம் நமக்கென்ன தெரியும்? நம்பினோம். தாத்தா சாகிற வரைக்கும், அங்கே பெற்றவர்களுக்கே அனுமதி கிடையாது என்று அதையும் ஒரு பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூத்தவளே, போன வருஷம் நீயும் வக்கீலாகப் பதிவாக இருந்தபோது, நானே அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், நீ வந்தால் வெளியேதான் நிற்க வேண்டும் என்று அண்ணன் என்னிடமும் சொன்னான். சரி என்றுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பாளையங்கோட்டையில் வக்கீல்கள் ஒரு கண்காட்சி வைத்தார்கள். கோர்ட் பக்கத்து டீக்கடை அடைத்திருந்ததால் நம் டீக்கடைக்கு ஆள் அனுப்பினார்கள். டீ டிரம்மோடு போனேன். வெள்ளைக்காரன் காலத்தில் வக்கீலானவர்களின் சன்னது என்கிற அனுமதிப் பத்திரங்கள், யார் எப்போது பதிவானார் என்ற பழைய பதிவேட்டுப் பக்கங்கள், எல்லாவற்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். கடைசிச் சுவரில் நம் காலத்து ஆட்கள். அண்ணனைத் தேடினேன். ஒரு வயதான வக்கீல் யாரைத் தேடுகிறாய் என்றார். சொன்னதும் அவரே காட்டினார்.

பதிவுச் சான்றிதழின் நகல். பக்கத்தில் அன்றைக்கு உள்ளே எடுத்த போட்டோ. கறுப்புக் கோட்டில் அண்ணன். அவனுக்கு இரண்டு பக்கமும் பெரியம்மாவின் அப்பாவும் அம்மாவும். அப்போது கல்யாணம்கூட நிச்சயமாகவில்லை. கீழே ‘பெற்றோருடன்’ என்று அச்சடித்து ஒட்டியிருந்தது.

“ஒங்க அப்பா நல்ல எடுப்பான ஆளுல்லா” என்றார் அவர்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு அவருக்கு டீ ஊற்றினேன்.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போய் அந்தப் போட்டோவைப் பற்றிக் கேட்டேன். எழுதினவன் தப்பாக எழுதிவிட்டான், மாற்றச் சொல்கிறேன் என்றான்.

“எழுத்து கெடக்கட்டும்ணே. அவங்க எப்படி உள்ள வந்தாவ?”

எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தான். பிறகு பைய, “பெரிய பெரிய ஆளுக வந்திருந்தாவலே. அப்பா வந்து நின்னா என்ன நெனப்பாவ? நீயே சொல்லு” என்றான்.

“அப்ப, எம்மவளுக்கு நான் வந்தா?”

“அவளுக்கு நல்ல சீனியர் வக்கீலு அமையணும்லா. அவ நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டபோதுதான், அப்பாவுக்கு அங்கே வரக் கூச்சமாம் என்று பெரியப்பா உன்னிடம் சொல்லியிருந்தது தெரிந்தது. நீயும் நம்பியிருந்தாய். அதற்காக நீ அழவேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். தாத்தா நம்பினார், நான் நம்பினேன், நீ மட்டும் என்ன செய்வாய்?

உன் பதிவுக்கு நானும் அம்மாவும் வந்தோம். வாசலில் யாரும் தடுக்கவில்லை. உள்ளே கைக்குழந்தைக்காரிகள், கம்பு ஊன்றிய கிழவர்கள், சோற்றுப் பொட்டலத்தோடு வந்தவர்கள் என்று ஒரே கூட்டம். ஒருவர் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். நீ உறுதிமொழி வாசித்தாய். ஒரு வரியும் என் காதில் ஏறவில்லை. இத்தனை பேருக்கு இருந்த இடத்தில் புது வேட்டி எடுத்த அந்த மனுஷனுக்கு இல்லையா என்பதே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் சிரிக்கவில்லை என்று நீ வருத்தப்பட்டாயாம், அம்மா சொன்னாள். உன்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை, பிள்ள.