கணவரின் முன்னோரைத் தேடியபோது

என் கணவர் அமெரிக்கர். சான்ட்ரிங்ஹாம் என்ற ஊரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்து அமெரிக்காவில் வாழ்ந்த தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருந்தார். பாஸ்டனில் இருக்கும் அவருடைய அக்கா, பழைய குடும்ப பைபிளின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதிலிருந்த பிறப்பு, இறப்புக் குறிப்புகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தவர் திடீரென்று நிறுத்தினார். தகப்பன், மகன், பேரன் மூவரைப் பற்றியும் ஒரே விஷயம் எழுதியிருந்தது. நடுவயதில் கைகால்கள் தானாக ஆடத் தொடங்கின, பிறகு புத்தி கலங்கியது.

நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தப் பரம்பரை நோய் எதுவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, குணப்படுத்த மருந்து கிடையாது. அவருடைய அப்பா இளம் வயதிலேயே விபத்தில் இறந்தவர். அவருக்கு அது இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. சில மாதங்களாக என் கணவரின் கை நடுங்குவதை நான் கவனித்திருந்தேன்.

"இது என்னெண்டு உமக்குத் தெரியுமா?" என்று, என்னிடம் கற்ற தமிழில் கேட்டார்.

"ஓம். டொக்டரிட்டப் போவம்," என்றேன்.

இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை, அவர் தேநீர் ஊற்றும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசியில் அந்த நோய் அவருக்கு இல்லை என்று தெரிந்தது. நடுக்கம் தைராய்டால் வந்தது, மாத்திரையில் அடங்கியது.

அன்றே கணவர் அக்காவுக்குப் போன் செய்து, அவரையும் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னார். அக்கா அழுதார். "எனக்குத் தெரியவே வேண்டாம்," என்று போனை வைத்துவிட்டார்.

இப்போதும் வீடியோவில் அக்கா பேச வரும்போதெல்லாம் என் கண் அவருடைய கைகளுக்குத்தான் போகிறது.